பிள்ளைக் காம்பரா வாசலில் இறங்கிய ஏரோப்பிளேன்

அன்றைக்குக் காலைப் பெரட்டிலேயே எனக்கும் கங்காணிக்கும் சண்டை. பெரட்டு என்பது விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, யார் எந்த மலையில் கொழுந்தெடுப்பது என்று பிரித்துவிடுகிற இடம். எட்டு மாதக் கைப்பிள்ளைக்காரியான என்னை அவர் இரண்டு மைல் கட்டை தூரத்திலிருந்த மேல்மலைக்கு அனுப்பப் பார்த்தார். பத்து மணிக்குப் பிள்ளைக்குப் பால் கொடுக்க நான் எப்படி இறங்கி வருவது, கொடுத்துவிட்டு எப்படித் திரும்பி ஏறுவது? "பால கறந்து ஒங்க கையில குடுத்து அனுப்பட்டுங்களா கங்காணி?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். வரிசையில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் என்னைப் பார்க்காமலே மைதானத்து மலை என்று கையைக் காட்டினார்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. எங்கள் தோட்டம் இலங்கையில் கொட்டகலைப் பக்கம். ஏறினால் மலை, இறங்கினால் பள்ளம். ஒரு சொம்புத் தண்ணீரைக் கீழே வைத்தால் சாயாமல் நிற்கிற இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அங்கே தட்டையாக இருந்தது அந்த மைதானம் ஒன்றுதான். எந்தக் காலத்திலோ ஒரு துரை பந்து விளையாட ஆசைப்பட்டு, எங்கள் ஆட்களை வைத்து மண்ணை வெட்டிச் சமப்படுத்தியது. ஒரு முனை பள்ளத்தாக்கைப் பார்த்துத் திறந்து கிடக்கும். மறுமுனையில் ஒரு கான், அதாவது மழைத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால்; அதைத் தாண்டி இரண்டு வரிசைத் தேயிலை; அதற்கு அப்பால் பிள்ளைக் காம்பரா.

பிள்ளைக் காம்பராவில்தான் நாங்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போவோம். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. உத்தரத்திலிருந்து ஏழெட்டுத் துணித் தொட்டில்கள் தொங்கும். தவழுகிறதும் நடக்கிறதும் தரையில் கிடக்கும். அவ்வளவையும் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஆயாம்மா. பாவம், நல்ல மனுஷி, ஆனால் வேடிக்கை பார்ப்பதென்றால் சோறு தண்ணி வேண்டாம் அவளுக்கு. கைப்பிள்ளைகளுக்கெல்லாம் தோட்டத்தில் கொடுத்த ஒரே கட்டம் போட்ட துணியில் சட்டை தைத்திருந்தாள். குளிருக்குத் தலையையும் சேர்த்து அதே துணியால் சுற்றிவிடுவாள். முகத்தை விலக்கிப் பார்த்தால்தான் யார் பிள்ளை என்று தெரியும். என் மகளுக்கு மூன்றாவது தொட்டில். எனக்கு அது முதல் பிள்ளை. கல்யாணமாகி நாலு வருஷம் காத்திருந்து பெற்றது.

என் வீட்டுக்காரர் தோட்டத்துத் தப்புக்காரர். விடிகாலையில் அவர் மைதானத்து மூலையில் நின்று தப்படித்தால்தான் எங்கள் வரிசை வீடுகளான லயங்களில் விளக்கு எரியும். அவருடைய அப்பாவும் அதே மூலையில் நின்று அடித்தவர்தான். எங்கள் தோட்டத்தில் தப்புக்கு ஒரே ஒரு அர்த்தம். வா. பெரட்டுக்கு வா, சாவுக்கு வா, திருவிழாவுக்கு வா, துரை கூப்பிடுகிறார் வா. அடி மாறும், அழைப்பு மாறாது. போ என்று சொல்கிற அடி அவருக்கும் தெரியாது, அவருடைய அப்பாவுக்கும் தெரிந்திருக்காது. அப்படி ஒன்று வேண்டியிருக்கும் என்று யாரும் நினைத்ததில்லை.

காலைத் தப்பு முடிந்ததும் அவருக்கு மற்ற ஆண்களைப் போல வேறு வேலை கொடுப்பார்கள். அன்றைக்கு மைதானத்து ஓரத்தில் கான் துப்புரவு. தூறல் ஈரத்தில் தப்புத் தோல் தொய்ந்துவிடும் என்று, ஆயாம்மா கஞ்சி காய்ச்சுகிற அடுப்புக்குப் பக்கத்தில் தப்பைச் சாய்த்து வைத்திருந்தார். நான் மேலே மலையில் இருந்து பார்த்தால், அவர் குனிந்து மண்ணை அள்ளிப் போடுவது தெரியும். பிள்ளைக் காம்பராவின் கூரையும் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே கொழுந்தெடுப்பது எனக்கு ஒரு சுகம்.

பத்து மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. மார்பு கனக்க ஆரம்பித்திருந்தது. தூறல் விட்டு, பனி விலகி, வெயில் பளிச்சென்று அடித்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் பெக்டரி இஞ்சின் என்று நினைத்தோம். பிறகு மலைக்குப் பின்னாலிருந்து ஏரோப்பிளேன் வெளியே வந்தது.

அதற்கு முன்னால் நாங்கள் ஏரோப்பிளேன் பார்க்காதவர்கள் இல்லை. ஆனால் அதெல்லாம் எங்கேயோ உச்சியில், கொசு மாதிரி. இது எங்கள் தலைக்கு நேரே வந்தது. வெள்ளை நிறம், வயிற்றில் எண்ணெய் வழிந்து கறுத்த கோடு. அதன் சக்கரத்தைப் பார்த்தேன், சக்கரத்தில் ஒட்டியிருந்த சேற்றைக்கூடப் பார்த்தேன். சத்தம் ஒரே சீராக இல்லை. இருமல் வந்த மனிதரைப் போல நாலு முறை இருமும், ஒரு முறை நிற்கும், திரும்ப இருமும். ஒவ்வொரு இருமலுக்கும் மூக்கிலிருந்து கறுப்பாகப் புகை தள்ளியது.

கொழுந்தெடுக்கிற கை ஒன்று பாக்கியில்லாமல் நின்றுவிட்டது. ஏரோப்பிளேன் மைதானத்தின் மேலே தாழ்ந்து வந்து ஒரு வட்டம் போட்டது. அதன் பக்கத்துக் கண்ணாடி வழியாக ஒரு கை வெளியே வந்து வேகவேகமாக ஆடியது. நாங்களும் விடுவோமா? மலை முழுக்கப் பெண்கள் கூடையோடு எட்டி எட்டிக் கையாட்டினோம்.

"யாருக்குடி கை காட்டுறான்?" என்றாள் ஒருத்தி.

"ஒனக்குத்தான். நீதானே இன்னிக்குப் புது ரவிக்க போட்டுருக்க" என்றேன் நான்.

அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு. ஒரு மனிதன் உயிருக்குப் போராடிக்கொண்டு, கீழே நிற்கிறவர்களை விலகச் சொல்லிக் கையை வீசுகிறான், நான் அதைப் பார்த்துப் பரிகாசம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

கீழே ஒரே ஒரு ஆளுக்குத்தான் விஷயம் விளங்கியது. கணக்கப்பிள்ளை. அவர் உலகச் சண்டைக் காலத்தில் கொழும்பில் இருந்தவர், ஏரோப்பிளேன் இறங்குவதைப் பார்த்தவர். மைதானத்துக்கு ஓடி வந்தார். அங்கே ஆயாம்மா நடக்கிற பிள்ளைகளையெல்லாம் வெளியே கூட்டி வந்து, வரிசையாகப் புல்லில் உட்கார வைத்து, ஏரோப்பிளேன் காட்டிக்கொண்டிருந்தாள். லயத்திலிருந்த நாலைந்து பேர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். "அவன் எறங்க எடம் கேக்குறான்! மைதானத்துல ஒரு ஆள் நிக்கப்படாது!" என்று கணக்கப்பிள்ளை தொண்டை கிழியக் கத்தினாராம். அந்த இரைச்சலில் யார் காதில் விழும்? உடனே என் வீட்டுக்காரரைப் பார்த்து, "டேய், தப்ப எடுடா! தப்படிச்சு எல்லாத்தையும் வெரட்டு!" என்றாராம்.

என் வீட்டுக்காரர் சொன்னதைச் செய்கிற மனிதர். மண்வெட்டியைப் போட்டார், அடுப்படியிலிருந்து தப்பை எடுத்தார், மைதானத்துக்கு நடுவில் போய் நின்றார். தோல் நன்றாகக் காய்ந்திருந்தது. அடி ஒவ்வொன்றும் மலையில் பட்டுத் திரும்பியது.

அவ்வளவுதான். தோட்டமே மைதானத்துக்கு வர ஆரம்பித்தது.

பகல் நேரத்தில் தப்பு கேட்டால் சும்மாவா இருப்பார்கள்? பெரட்டு நேரமில்லை, அப்படியென்றால் சாவு, இல்லையென்றால் நெருப்பு. லயத்தில் காய்ச்சலாகப் படுத்திருந்தவர்கள் போர்வையோடு வந்தார்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஆண்கள் கத்தியோடு வந்தார்கள். பூசாரி ஈர வேட்டியோடு வந்தார். துணி மூட்டையோடு தோட்டத்துக்கு வியாபாரத்துக்கு வந்திருந்த முஸ்லிம் நானாவும் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, "யாரு மௌத்து? யாரு மௌத்து?" என்று சாவு விசாரித்துக்கொண்டே ஓடி வந்தார். "போங்க! எல்லாரும் போங்க!" என்று கணக்கப்பிள்ளை குதித்தார். ஆட்கள் போகவில்லை என்றதும் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "இன்னும் ஓங்கி அடிடா!" என்றார். அவர் இன்னும் ஓங்கி அடித்தார். பக்கத்து டிவிஷனிலிருந்தும் ஆட்கள் இறங்கி வர ஆரம்பித்தார்கள்.

பிற்பாடு இதைச் சொல்லிச் சொல்லி எத்தனையோ நாள் சிரித்திருக்கிறோம். அன்றைக்கு மேலே நின்றுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏரோப்பிளேன் பள்ளத்தாக்குப் பக்கத்தில் வளைந்து, மூக்கைத் தாழ்த்தி, மைதானத்தை நோக்கி நேராக வந்தது. அப்போதுதான் என் மண்டைக்குள் விளங்கியது. இது வேடிக்கை காட்டவில்லை. இறங்கப் போகிறது. இறங்கி ஓடினால் எங்கே போய் நிற்கும்? எதிர் முனையில் என் மகள் தொட்டிலில் கிடக்கிறாள்.

மைதானம் முழுக்க மனிதத் தலை. ஏரோப்பிளேன் தரையைத் தொடப்போன நேரத்தில் மூக்கைத் தூக்கியது. நாலு முறை இருமியது. பிள்ளைக் காம்பராக் கூரையை உரசுகிற மாதிரி மேலேறி, நிழல் மரங்களின் உச்சியில் இலையைக் கிழித்துக்கொண்டு மலைக்குப் பின்னால் போய் மறைந்தது. கீழே இருந்தவர்கள் கை தட்டினார்கள். விசிலடித்தார்கள்.

"அடப் பாவிங்களா!" என்று கத்திக்கொண்டே நான் இறங்க ஆரம்பித்தேன்.

"ஏய், எங்க ஓடுற? கொழுந்து சிந்துது, கொழுந்து சிந்துது!" என்று பின்னால் கங்காணி கத்தினார். நான் ஒரு நிமிஷம் நின்றேன். முதுகுக் கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்து, காலையிலிருந்து எடுத்த கொழுந்து அத்தனையையும் அவர் காலடியில் கொட்டினேன். என் வயதுக்கு அப்படி ஒரு காரியத்தை எங்கள் தோட்டத்தில் யாரும் செய்து பார்த்ததில்லை. "புள்ளைங்க! காம்பரால புள்ளைங்க!" என்று சொன்னது மற்றவர்களுக்கும் எட்டியது. கைப்பிள்ளைக்காரிகள் ஏழு பேர் இருந்தோம். ஏழு கூடையும் கவிழ்ந்தது. என் ஓரகத்தி, என் கொழுந்தனின் மனைவி, பிள்ளை இல்லாதவள், அவளும் கூடையைக் கவிழ்த்துவிட்டு எனக்கு முன்னால் ஆட்டுக்குட்டியைப் போலத் தாவித் தாவி ஓடினாள்.

நான் மைதானத்துக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தார். வியர்வை கொட்டியது. சுற்றி நின்ற கூட்டம் தப்பையே பார்த்துக்கொண்டு, செய்தி என்ன என்று காத்திருந்தது. நான் அவர் கையைப் பிடித்தேன்.

"நிறுத்தவா?" என்றார்.

"நிறுத்தாத! நிறுத்துனா இப்படியே நிப்பாங்க. அடிச்சுகிட்டே கோயில் மேட்டுக்கு ஓடு!"

அவர் முழித்தார்.

"ஓடுன்னா ஓடு!"

கல்யாணமான நாளிலிருந்து அவரை 'ங்க' போடாமல் நான் பேசியதில்லை. அந்த அதிர்ச்சியிலேயே அவர் ஓடியிருக்கலாம். கோயில் மேட்டுப் படியில் ஏறி, அடித்துக்கொண்டே ஓடினார். தப்பு எங்கே போகிறதோ அங்கேதானே ஜனமும் போகும்? போர்வைக்காரர்கள், கத்திக்காரர்கள், நானா, பூசாரி, அத்தனை பேரும் தப்புக்குப் பின்னாலேயே மேட்டில் ஏறினார்கள். தப்போடு கோயில் படியில் கால் வைக்கக்கூடாது என்று ஒவ்வொரு திருவிழாவிலும் அவரை நிறுத்தி வைக்கிற பெரிய மனிதர்கள் சிலரும் அந்தக் கூட்டத்தில் முண்டியடித்துக்கொண்டு ஏறினார்கள். அதைப் பார்த்து ரசிக்க எனக்கு அப்போது நேரமில்லை.

நான் பிள்ளைக் காம்பராவைப் பார்த்து ஓடினேன். பெண்கள் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள். யார் கைக்கு எந்தப் பிள்ளை கிடைத்ததோ அதைக் கொழுந்துக் கூடையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு ஓடினார்கள். பார்த்து எடுக்க நேரம் ஏது? நான் கானைத் தாண்டுவதற்குள் ஆயாம்மா எதிரே வந்தாள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று.

"எம் புள்ள?" என்றேன்.

"ஒன் ஓரகத்தி தூக்கிட்டுப் போயிட்டாடி! உள்ள ஒண்ணும் இல்ல, எல்லாத்தையும் எடுத்தாச்சு. நீ அந்தா அதத் தூக்கு!"

திரும்பிப் பார்த்தேன். ஓரகத்தி பாதி மேடு ஏறிவிட்டிருந்தாள். அவள் கூடையிலிருந்து கட்டம் போட்ட துணி எட்டிப் பார்த்தது. அப்பாடா என்று எனக்கு உயிர் வந்தது. ஆயாம்மா காட்டிய பக்கம் புல்லில் ஒரு இரண்டு வயதுப் பெண் பிள்ளை தனியாக உட்கார்ந்து அலறிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிக் கூடையில் போட்டேன். அது என் கொண்டையைப் பிடித்து இழுக்க இழுக்க, வலி தெரியாமல் மேட்டில் ஏறினேன். அவ்வளவு பெருமையாக இருந்தது. தோட்டத்தையே நான்தான் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேதான் ஏறினேன்.

கோயில் வாசலில் எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். மலைக்குப் பின்னால் இருமல் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு. பிறகு கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் யாரும் சொல்லாமலே தப்படிப்பதை நிறுத்தினார்.

நான் ஓரகத்தியின் கூடைக்குள் கையை விட்டு என் மகளைத் தூக்கினேன். துணியை விலக்கினேன். கறுகறுவென்று முடியோடு, காதில் கடுக்கனோடு, யாருடையதோ ஒரு ஆண் பிள்ளை.

"இது எம் புள்ள இல்லடி."

"மூணாவது தொட்டில்தானேக்கா? மூணாவதுலதான் எடுத்தேன். பாத்துத்தான் எடுத்தேன்க்கா." அவள் முகம் வெளுத்துவிட்டது.

ஆயாம்மா மாரில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, கூரை ஒழுகுச்சேன்னு காலையில ஒம் புள்ளய மூலைத் தொட்டில்ல மாத்திப் போட்டேனே! தூறல் விட்டதும் மூணாவதுல இவனப் போட்டேனே! மறந்துட்டேனே!"

ஒவ்வொரு கூடையாகப் பார்த்தேன். துணியை விலக்குகிறேன், வேறு முகம். விலக்குகிறேன், வேறு முகம். எல்லாப் பிள்ளைகளும் இருந்தன. என்னுடையது இல்லை. அப்போது பூசாரி, "அந்தா!" என்றார்.

பள்ளத்தாக்கு முனையில் ஏரோப்பிளேன் வந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை. காற்று கிழிகிற ஒலி மட்டும். நான் படியில் பாய்ந்தேன். நாலைந்து பேர் சேர்ந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஓரகத்தி என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவள் கையைக் கடித்தேன். ரத்தம் வந்தது, அப்போதும் அவள் விடவில்லை. அந்தத் தழும்பு அவள் கையில் இன்றைக்கும் இருக்கிறது. கேட்பவர்களிடம் நாய் கடித்தது என்றுதான் சொல்லுவாள்.

நான் கண்ணை மூடவில்லை. முழுக்கப் பார்த்தேன். சக்கரம் ஒரு முறை தரையைத் தொட்டு எகிறியது. திரும்பத் தொட்டது. வலது பக்கச் சக்கரம் மடங்கிப் போனது. றெக்கை நுனி புல்லைக் கிழித்துக்கொண்டு வந்தது, மண் அலை அலையாக எழும்பியது. பந்தடிக்கிற கம்பம் முறிந்து பறந்தது. வேகம் குறைகிற மாதிரி தெரியவில்லை. கானில் விழுந்தது, எழும்பியது, தேயிலை வரிசைக்குள் மூக்கை நுழைத்தது. வால் மேலே தூக்கி, கொஞ்ச நேரம் யோசிப்பது போல நின்று, தொப்பென்று கீழே விழுந்தது. பிள்ளைக் காம்பராச் சுவருக்கும் அதன் மூக்குக்கும் இடையில் ஒரு சேலை நீளம்கூட இல்லை.

 புகையும் தூசியும் மேலே எழும்பி எல்லாவற்றையும் மறைத்தது. தூசிக்கு நடுவில் ஏரோப்பிளேனின் கதவு திறந்து ஒரு ஆள் கீழே விழுவது தெரிந்தது. எழுந்தார். திரும்ப விழுந்தார். எழுந்தார். எங்கள் பக்கம் ஓடி வருவார் என்று நினைத்தோம். அவர் தலையைத் திருப்பி எதையோ கேட்கிற மாதிரி நின்றார். பிறகு ஏரோப்பிளேனுக்குப் பின்னால் போய் மறைந்துவிட்டார்.

திரும்ப வெளியே வந்தபோது அவர் நெஞ்சில் கட்டம் போட்ட துணியில் ஒரு மூட்டை இருந்தது. அது கையை ஆட்டியது.

எங்கள் ஆட்கள் இருந்த இடத்திலிருந்து பிள்ளைக் காம்பராவின் வாசல் தெரியாது, ஏரோப்பிளேன்தான் தெரியும். "ஏரோப்பிளேன்ல ஒரு புள்ள வந்துருக்குடோய்!" என்று பின்னால் நின்ற ஒருவர் கூவினார். "வெள்ளக்காரப் புள்ளயா?" "அப்ப தாயி எங்க? உள்ள மாட்டிக்கிட்டாளா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அந்தத் தாய், பிடித்திருந்தவர்களை உதறிவிட்டு, படியில் விழுந்து, உருண்டு, எழுந்து, முழங்கால் தோல் உரிய இறங்கிக்கொண்டிருந்தாள்.

வழியெல்லாம் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே ஓடினேன். உலகத்தில் இவ்வளவு இடம் கிடக்க, என் பிள்ளை தலையில் இறங்க வந்தாயா என்று சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டும். கன்னத்தில் இரண்டு வைக்க வேண்டும். எனக்கும் இரண்டு வைக்க வேண்டும் என்று உள்ளுக்குள் தெரியும். அதனாலேயே அவர்மேல் அவ்வளவு ஆத்திரம். பின்னால் கணக்கப்பிள்ளை, "பெட்ரோல் வாட வருது, யாரும் பீடி பத்த வைக்காதீங்க!" என்று கத்துவது கேட்டது.

கிட்டே போய்ப் பார்த்தேன். சிங்களப் பையன். என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருந்தால் அதிகம். நெற்றியிலிருந்து ரத்தம் மூக்கு வழியாக இறங்கிச் சட்டையில் சொட்டியது. ஒரு காலில் சப்பாத்து இல்லை. என் மகள் அவர் காலரை இரண்டு கையாலும் பிடித்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

"லமயா அண்டனவா" என்றார் அவர் என்னிடம். பிள்ளை அழுகிறது என்று அர்த்தம். "லமயா அண்டனவா, லமயா அண்டனவா." திரும்பத் திரும்ப அதையே சொன்னார். பிள்ளை அழுகையை நிறுத்தி எவ்வளவோ நேரம் ஆகியிருந்தது. அவருக்கு அது இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் கையை நீட்டினேன். "மகே லமயா" என்றேன். என் பிள்ளை. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அதற்குமேல் சொல்ல வரவில்லை.

அவருக்குப் புரிந்தது. தலையை ஆட்டினார். கொடுக்கத்தான் பார்த்தார், ஆனால் கை பிரியவில்லை. தோளிலிருந்து விரல் வரைக்கும் நடுங்கியது. என்னைப் பார்க்கிறார், கையைப் பார்க்கிறார், திரும்ப என்னைப் பார்க்கிறார். பிள்ளையோடு அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். உட்காரும்போதுகூடப் பிள்ளையின் தலையைக் கையால் தாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

"என்னடி பாத்துகிட்டு நிக்கிற? புடுங்கு புள்ளய!" என்று ஆயாம்மா பின்னாலிருந்து கத்தினாள்.

பிடுங்கியிருக்கலாம். அவர் தடுத்திருக்க மாட்டார். மார்பில் பால் வழிந்து ரவிக்கை நனைந்து, உடம்பெல்லாம் பிள்ளைக்காகப் பதறிக்கொண்டிருந்தது. ஆனால் நான் விட்டுவிட்டு மேட்டில் ஏறிய பிள்ளை அது. உள்ளே ஒருமுறை எட்டிப் பார்க்காமல், அடுத்தவள் சொன்னதை நம்பிப் பெருமையோடு ஏறினேன். இந்த ஆளோ, தான் பிழைத்தோமா செத்தோமா என்று தடவிப் பார்ப்பதற்கு முன்னால், யாருடையது என்றுகூடத் தெரியாமல் அழுகைச் சத்தத்தைத் தேடிப் போயிருக்கிறார். பெட்ரோல் ஒழுகுகிற இடத்துக்குப் பக்கத்தில் போய் எடுத்து வந்திருக்கிறார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.  அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். தப்பு இன்னும் தோளில் தொங்கியது. பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வாங்கேன் புள்ளய" என்றார்.

"கொஞ்சம் இருக்கட்டுங்க" என்றேன். "அவருக்கு நடுக்கம் நிக்கட்டும்."

அவரும் தப்பைக் கீழே வைத்துவிட்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். மொத்தத் தோட்டமும் இறங்கி வந்து எங்களைச் சுற்றி நின்றது. யாரோ தேத்தண்ணீர் கொண்டுவந்தார்கள். நானா தன் மூட்டையை அவிழ்த்து ஒரு புதுத் துணியைக் கிழித்துக் கொடுத்தார், அதை வைத்து அந்தப் பையனின் நெற்றியைக் கட்டினேன். மகள் அவர் காலரை விட்டு அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். விரல் கொஞ்சம் கொஞ்சமாக ஆடாமல் நின்றது. அதற்குப் பிறகு அவராகவே பிள்ளையை என் மடியில் வைத்தார். அதுவரைக்கும் நான் மறுபடி கேட்கவில்லை.